முதலையாரின் ஈறு

ஆமை ஒன்றைக் கடிக்கப் போன முதலையாருக்கு ஓடு பட்டு ஈறு கிழிந்தது. ஆமை தப்பிவிட்டது, அவருடைய கௌரவம்தான் மாட்டிக்கொண்டது.

மனைவி காயத்தைப் பார்த்தாள். "சின்னக் கீறல்தாங்க. நல்ல தண்ணியில வாயை அலசுங்க, மெத்துன்னு இருக்கிற மீனாச் சாப்பிடுங்க, ஆறிடும். வீங்கினா மட்டும் வைத்தியம் பாக்குற கொக்கம்மாகிட்ட காட்டணும்."

அவர் அலசவில்லை. குளமே பார்க்க நண்டைக் கடித்துக் காட்டினார். தாடை உப்பியது, வாய் நாறியது, இரை இறங்கவில்லை. ஆனாலும் வெளியே, "எனக்கென்ன குறை?" என்றார்; வீட்டுக்குள் முனகினார். முனகலைக் கேட்க மனைவி ஒருத்தி போதும் என்பது அவருடைய கொள்கை.

"இனி என் கைவைத்தியம் பத்தாது," என்று அவள் கொக்கம்மாவை அழைத்து வந்தாள்.

கொக்கம்மா கரையிலேயே நின்றாள். "என் தங்கச்சி இறகைப் பிடுங்கின வாய்தானே இது, அண்ணே?"

முதலையார் தலையைத் தாழ்த்தினார். "ஆமாம்மா. ரொம்ப வலிக்குது."

வெளியார் ஒருவரிடம் அவர் சொன்ன முதல் உண்மை அது.

அவர் திறந்த வாய்க்குள் கொக்கம்மா நுழைந்தாள். ஈறுக்குள் புதைந்திருந்த ஆமை ஓட்டுச் சில்லை அலகால் பற்றி இழுத்தாள். சீழ் வடிந்தது. தாடைகள் நடுங்கினவே தவிர மூடிக்கொள்ளவில்லை. அவள் பறந்து கரையில் அமர்ந்து, சில்லைத் துப்பி, அலகைக் கழுவி முடித்த பிறகும் அந்த வாய் திறந்தே இருந்தது.

"மூடலாமா, அம்மா?" என்று குழறினார் முதலையார்.

"மூடுங்க, அண்ணே. நாளைக்கும் வந்து பாக்குறேன்."