அகதிப் பிரபுவின் கோட்டை

“அக்கா, கயித்துக்கு இஞ்சாலை நில்லுங்கோ. கோட்டையிலை கை படக் கூடாது.”

கோட்டும் டையுமாக, கழுத்தில் அடையாள அட்டை தொங்க நின்ற தபோதரன் சொன்னான். புராதனக் கட்டடங்களைப் பாதுகாக்கும் அதிகாரி என்று குணேஸ்வரி அவனை எல்லோருக்கும் அறிமுகம் செய்திருந்தாள்.

கொலோன் என்ற ஜெர்மன் நகருக்கு வெளியே ஒரு புல்வெளியில் அவள் மகள் லக்சிகாவின் மஞ்சள் நீராட்டு விழா. பின்னணியில் இரட்டைக் கோபுரத்தோடு பிரெஞ்சுக் கோட்டை. போன வருடம் மச்சாள் பத்மலோஜினி தன் மூத்த மகளை அவளுடைய விழாவுக்கு ஹெலிகாப்டரில் கொண்டுவந்து இறக்கியிருந்தாள். அன்றிலிருந்து குணேஸ்வரிக்குச் சரியான தூக்கமில்லை. இன்றைக்கு மச்சாள் வாயடைத்துப் போக வேண்டும்.

“உதை ஆர் தம்பி கட்டினது?” பத்மலோஜினி கேட்டாள்.

“பிரான்சிலை புரட்சி வந்த நேரம் ஓடிவந்த ஒரு பிரபு, அக்கா. அங்கை விட்டிட்டு வந்த மாளிகை மாதிரியே இஞ்சை கட்டினவர்.”

“அப்ப அவரும் அகதி.”

“ஓம்.”

“வந்த உடனை கோட்டையோ? எங்களுக்கு விசா தரவே எத்தினை வருசம் இழுத்தவங்கள்.”

ஆரத்தித் தட்டில் கற்பூரம் கொளுத்தக் கூடாது என்றான் தபோதரன். குணேஸ்வரி மறுபேச்சில்லாமல் பேட்டரி விளக்கை வைத்தாள். கேக் வெட்டும் கத்தியைப் பக்கத்து மண்டபத்துக்கு அனுப்பினான்.

“அக்கா, உங்கடை கொண்டை ஊசியையும் கழட்டினால் நல்லம்,” என்றான் பத்மலோஜினியிடம்.

“இதென்ன, எயார்போட்டோ?”

“சட்டம் அக்கா. இருநூறு வருசத்துக்கு மேலான கட்டடம்.”

அப்போது ஒரு புறா கோபுரத்து உச்சியில் வந்து உட்கார்ந்தது. தபோதரன் குடையைத் தூக்கிக்கொண்டு ஓடிப்போய் அதைத் துரத்தினான்.

“புறாவுக்குமோ சட்டம்?”

“அதின்ரை நகத்தைப் பாத்தனீங்களோ அக்கா?” மூச்சு வாங்கியபடி கேட்டான்.

பத்மலோஜினிக்குப் பொறுக்கவில்லை. “உள்ளுக்கை ஒருக்காப் பாக்க விடாட்டி இதென்ன கோட்டை?” என்று சேலையைத் தூக்கிப் பிடித்துக் கயிற்றைத் தாண்டப் போனாள். குணேஸ்வரியின் முகம் வெளுத்தது.

தபோதரன் குறுக்கே வந்து நின்றான். “சுவரிலை கை வைச்சியளெண்டால் தண்டம் கட்ட நீங்கள் வீட்டை விக்க வேண்டி வரும். பிறகு என்னைக் கோவிக்கக் கூடாது.”

தூக்கிய காலை அப்படியே பின்னால் வைத்தாள் பத்மலோஜினி. கொஞ்ச நேரம் கோபுரத்தையே அண்ணாந்து பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“தம்பி, என்ரை சின்னவளுக்கும் உந்தக் கோட்டையை எடுத்துத் தருவீரோ?”

“நாள் குறிச்சு டெர்மின் எடுக்கிறது கஷ்டம் அக்கா. பாப்பம்.”

குணேஸ்வரியின் காதில் அது தேனாக விழுந்தது. அன்று மண்டபத்தில் மச்சாளுக்குத் தன் கையாலேயே இரண்டாம் முறை பாயாசம் ஊற்றினாள்.

கடைசிக் காரும் போய்விட்டது. குணேஸ்வரியின் கணவர் தம்பித்துரை வான் வண்டியைப் பின்பக்கமாகப் புல்வெளிக்குள் கொண்டுவந்து நிறுத்தினார். தபோதரன் டையைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு கோட்டைக்குப் பின்னால் போனான். அங்கிருந்து அவன் குரல் கேட்டது.

“அண்ணை, நான் காத்தைத் திறந்து விடுறன், நீங்கள் கோபுரத்துக்கு மேலை ஏறிக் குந்துங்கோ.”