மூன்றே வருஷத்தில் காய்க்கும்

“அக்கா, நல்ல மாங்கன்னா ஒண்ணு குடுங்க. உங்க கையால கட்டின ஒட்டாத்தான் வேணும்.”

குரலைக் கேட்டதுமே நர்சரியில் ஒட்டுக் கட்டிக்கொண்டிருந்தவளுக்கு வயிறு எரிந்தது. வந்தவள் கணவனின் அத்தை மகள். ஒரு காலத்தில் அவனுக்கென்றே பேசி வைத்திருந்த பெண். அது தட்டிப்போய் ஆறு வருஷமாகியும், அவன் வாயில் நாளுக்கு நாலு தடவை அவள் பேச்சு வராமல் இருக்காது.

“வீட்டுல வைக்கவா?”

“ஆமாக்கா, வாசல்ல. உங்களை மாதிரி ஒட்டுக் கட்ட ஆளே இல்லையாம். காலையில மாமாதான் போன்ல சொன்னார்.”

ஓகோ! காலையில் வாசல் குழியோரமாக நின்று அவன் குசுகுசுவென்று பேசியது இவளிடம்தானா?

இந்த மாதம்தான் குடிவந்த சொந்த வீடு. துணிக்கொடிக்குக் கம்பம் நடவேண்டும் என்று வாசலில் அவன் குழி வெட்டியிருந்தான். “கம்பத்துக்கா இவ்வளவு பெரிய குழி? யானையைக் கட்டப் போறீங்களா?” என்று கேட்டதற்கும் ஒரு அசட்டுச் சிரிப்புதான் பதில்.

“எப்பக்கா காய்க்கும்?”

“ஒட்டுன்னா மூணே வருஷம். இரு, எடுத்துட்டு வரேன்.”

பின்கொட்டகையில் அவள் கட்டிய ஒட்டுக்கன்றுகள் வரிசையாக நின்றன. அவற்றைத் தாண்டிப் போனாள். கடைசி வரிசையில், கொட்டையிலிருந்து முளைத்து, இன்னும் ஒட்டுக் கட்டாத கன்றுகள். காய்க்க எட்டு வருஷமும் ஆகும், பத்தும் ஆகும். காய் இனிக்குமா, புளிக்குமா என்று யாருக்கும் தெரியாது.

அதில் ஒன்றை எடுத்து, கத்தியே படாத தண்டில், ஒட்டுக் கட்டியது போலவே நாடாவை அழகாக நாலு சுற்று சுற்றினாள்.

“ஊத்துடி மகராசி, பத்து வருஷம் தண்ணி ஊத்து!”

வெளியே வரும்போது முகமெல்லாம் சிரிப்பு. “இந்தா, உனக்காகப் பார்த்துப் பார்த்து எடுத்தது.”

“தங்கமான மனசுக்கா உங்களுக்கு!”

சாயங்காலம் வீட்டுக் கதவருகிலேயே கணவன் வழிமறித்து அவள் கண்களைப் பொத்தினான். கையெல்லாம் ஈரமண்.

“என்னங்க இது, சின்னப் பிள்ளையாட்டம்?”

“ஊருக்கெல்லாம் கன்னு கட்டிக் குடுக்கறேன், நட நமக்கொரு வாசல் இல்லையேன்னு பொலம்புவியே? நாளைக்கு நம்ம கல்யாண நாள். நான் வந்து வாங்கினா தெரிஞ்சிடும்னுதான் அவளை அனுப்பினேன். பாரு இப்ப!”

கையை எடுத்தான்.

குழி இருந்த இடத்தில், நாலு சுற்று நாடாவோடு நின்றது அந்த மாங்கன்று.

“மூணே வருஷத்துல காய்க்குமாமே! ஆமா, இந்த நாடாவை அவிழ்த்துடலாமா?” என்று அவன் குனிய, “ஐயோ, அதை மட்டும் தொடாதீங்க!” என்று அலறினாள் அவள்.