கதவின் நடுவில் ஒரு ரோஜா

"அண்ணி! யாரைக் கேட்டு என் தங்கத்து மேல இந்தப் பூவை வரைஞ்சீங்க?"

காலையில் பட்டறைக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக நாத்தனார் போட்ட சத்தத்தில், தச்சரின் கை உளியோடு அப்படியே நின்றுவிட்டது.

அந்த அலமாரிக் கதவு, அவள் தனியாகத் தங்கத்தாள் ஒட்டிய முதல் வேலை. அதைப் பார்த்துத்தான், நாடக அரங்கத்து மேடை முகப்பை அவளிடம் ஒப்படைப்பதா வேண்டாமா என்று முதலாளி முடிவு செய்வார். நேற்று ஒட்டி முடித்த கையோடு வீட்டுக்கு ஓடி, கட்டைவிரலில் மின்னிய தங்கத்தைக் காட்டிக் காட்டியே தெருவை ஒரு வழி பண்ணியிருந்தாள்.

"நாலு மூலையில கொடி, நடுவுல வெறும் தங்கம். அதானே பேச்சு? நட்ட நடுவுல எதுக்கு இந்தப் பூசணிப்பூ?"

"ரோஜாடி அது" என்றாள் அண்ணி, தூரிகையைத் துடைத்தபடி.

"எதுவா இருந்தா என்ன? என் வேலை பளிச்சுனு தெரிஞ்சா உங்க பேரு மங்கிடும்னு பயம்!"

"சரி, அப்படியே வச்சுக்கோ."

தச்சர் மெல்லச் சொன்னார். "வீட்டுச் சண்டையை வீட்டுலயே..."

"சும்மா இருங்கண்ணே! இது வீட்டுச் சண்டை இல்ல, நியாயத்துக்கான சண்டை!"

சத்தம் கேட்டு முதலாளி வந்தார். கதவைப் பார்த்தார். முகம் சுளித்தார்.

"அவ சொல்றது சரிதானேம்மா? சாயம் இன்னும் காயல. சுரண்டி எடுத்துடுங்க."

"இந்த ஒரு தடவை இருக்கட்டும் முதலாளி. அடுத்த வேலையில அடக்கி வாசிக்கிறேன்."

"பார்த்தீங்களா, பார்த்தீங்களா!"

நாத்தனார் மரக்குச்சியைப் பிடுங்கி ஒரு இதழைச் சுரண்டினாள்.

கீழே தங்கம் இல்லை. அடிப்பூச்சின் சிவப்புதான் இளித்தது. அதுவும் சரியாக ஒரு கட்டைவிரல் அளவுக்கு, குறுக்கே ஒரு வெட்டுத் தழும்போடு.

தன் விரலைத் திருப்பிப் பார்த்தாள். அதே தழும்பு.

ஒட்டிய தாளுக்குக் கீழே பசை காய்ந்துவிட்டதா என்று நேற்று அழுத்தித் தொட்டுப் பார்த்தாளே! தெருவெல்லாம் காட்டிய தங்கம் இங்கிருந்து கிளம்பியதுதான்.

அண்ணி காதோரம் கிசுகிசுத்தாள். "குச்சியைக் கொடு. தூரிகையால ஒரே தீத்தல், மூடிடறேன்."

"முதலாளி!" நாத்தனார் அதே தொண்டையில் கத்தினாள். "பூ இருக்கணும்! அதுக்குக் கீழ இருக்கறது என் கட்டைவிரல்!"

"பாவி! ஊரைக் கூட்டாம உனக்கு ஒண்ணுமே செய்ய வராதா?" அண்ணி தலையில் அடித்துக்கொண்டாள். தச்சர் சிரித்த சிரிப்பில் உளி கீழே விழுந்தது.

முதலாளி குனிந்து பார்த்தார். விரலைப் பார்த்தார். அண்ணியைப் பார்த்தார்.

"அரங்கத்து முகப்பு உனக்குத்தான். ஆனா அண்ணியையும் கூட்டிட்டுப் போ. அங்க நிறையப் பூ தேவைப்படும்."