பலகையில் இல்லாத ஏரி

எல்லாப் பாடங்களையும் நடத்தித் திருத்தும் மின்பலகை, புவியியலில் 'எங்கள் ஊரில் ஏரி உண்டு' என்ற நூர்ஜமீலாவின் விடையை மூன்றாம் முறையாகச் சிவப்பாக்கியது: "மன்னிக்கவும். உங்கள் ஊரில் ஏரி இல்லை, மனைப்பிரிவு உள்ளது." விடையை மாற்றாவிட்டால் அவள் பத்தாம் வகுப்புக்குப் போக முடியாது.

"அழிச்சிடும்மா, ஒரு வருஷம் வீணாப் போயிடும்," என்றார் ஆசிரியை திலகேஸ்வரி.

"அழிச்சா எங்க வாசல்ல நிக்கிற தண்ணி வடிஞ்சிடுமா மிஸ்?"

அவள் பையிலிருந்து, வாசலில் மொண்ட தண்ணீர்ப் பாட்டிலை எடுத்தாள். அதே பலகையில் அறிவியல் பாடத்தைத் திறந்து, சோதனைக் குழியில் அந்த நீரை ஊற்றினாள்.

"ஏரி நீர். கெண்டை மீன் முட்டைகள் உள்ளன," என்றது பலகை.

வகுப்பே சிரித்தது. புவியியல் மட்டும் சிவப்பாகவே இருந்தது.

ஆசிரியை மற்ற மாணவிகளிடம் திரும்பினார்.

"ஏரி இல்லைன்னு எழுதினவங்க எல்லாரும் அழிங்க. நாளைக்கு ஆளுக்கொரு பாட்டில் வாசல் தண்ணி கொண்டு வாங்க."