அடிச்சேறு

“ஆலைக்காரன் எதை வச்சு உன் வாயை அடைச்சான்? சொல்லும்மா!”

கேட்டுக்கொண்டே அவள் கூடையைக் கவிழ்த்தாள். செத்த மீன்கள் பரிசோதனைக்கூடத்து மேஜை மேல் சரிந்தன. இரண்டு நழுவித் தரையில் விழுந்தன. நாற்றம் குப்பென்று அறையை நிறைத்தது.

ஏரித் தண்ணீரைச் சோதிக்கும் அந்த இளம் பெண் ஆய்வாளர் எழுந்திருக்கவில்லை. கண்ணாடிக் குழாய்களை மட்டும் ஓரமாக நகர்த்தி வைத்தார்.

கூடையோடு வந்தவள் போன வருடம்தான் இந்த ஊருக்குக் குடிவந்தவள். புருஷன் போன பிறகு, கழுத்தில் காதில் கிடந்ததை விற்று, அணை கட்டித் தேக்கிய ஏரியில் கூண்டு போட்டு மீன் வளர்த்தாள். அடுத்த வாரம் பிடிக்க வேண்டிய மீன். இன்று விடிந்து போய்ப் பார்த்தால் அத்தனையும் வயிற்றைக் காட்டி மிதந்தன. கரையில் சோப்புத்தூள் ஆலை இருக்கிறது. வேறு யார் காரணம்? கூண்டுக்காரர்கள் எல்லாரும் ஆலைக் கதவை உடைக்கக் கிளம்பினார்கள். அந்த நேரம் பார்த்து, ஆலைத் தண்ணீரில் குற்றமில்லை என்று ஆய்வாளர் சொல்லிவிட்டதாகச் செய்தி வந்தது. அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு நேரே இங்கே வந்துவிட்டாள்.

“அக்கா, முதல்ல உட்காருங்க.”

“உட்கார வரலை. மத்தியானம் பெரிய அதிகாரி வர்றாராம். ஆலைதான் காரணம்னு அவர்கிட்ட நீ சொல்லணும்.”

“பொய் சொல்ல மாட்டேன்.” ஆய்வாளர் குரலிலும் சூடு ஏறியது. “இங்க வந்து பாருங்க.”

ஜன்னலோரம் இரண்டு ஜாடிகள். இரண்டிலும் அடியில் ஏரிச் சேறு, மேலே தண்ணீர். ஒன்றுக்குள் மெல்லிய குழாய் வழியாகக் காற்று போய்க்கொண்டிருந்தது. மற்றது காற்றுப் புகாமல் இறுக மூடியிருந்தது. ஆய்வாளர் இரண்டு ஜாடித் தண்ணீரையும், காலையில் ஆலை வாய்க்காலில் பிடித்த தண்ணீரையும் தனித்தனிக் குழாய்களில் எடுத்து, மருந்துச் சொட்டு விட்டார்.

“சோப்புத்தூள்ல கலக்குற பாஸ்பரஸ் இருந்தா நீலமாகும்.”

ஆலைத் தண்ணீர் அப்படியே இருந்தது. காற்று ஏறிய ஜாடித் தண்ணீரும் அப்படியே. மூடிய ஜாடியின் தண்ணீர் மட்டும் மை ஊற்றியதுபோல் நீலமானது.

“அந்தக் காலத்துல ஆலை கொட்டினதையெல்லாம் ஏரி வாங்கி அடிச்சேத்துல வச்சுக்கிச்சு. வெயில் காலத்துல அடித்தண்ணிக்குக் காத்து கிடைக்காது. அப்ப சேறு பிடிச்சு வச்சதை விட்டுடுது. அதைத் தின்னு பாசி மண்டுது. பாசி அழுகினா தண்ணியில இருக்கிற காத்தையெல்லாம் இழுத்துக்குது. மீன் மூச்சு முட்டிச் சாகுது. இன்னிக்கே ஆலையை இடிச்சாலும் அடுத்த கோடையில இதே கதிதான். சேத்தை வாரச் சொல்லிக் கேளுங்க அக்கா, நானும் கூட நின்னு கேக்குறேன்.”

நீலம் அவள் கண்ணில் பட்டது. புத்தியில் ஏறவில்லை.

“கொட்டினவனை விட்டுட்டு சேத்து மேல கேஸ் போடச் சொல்றியா?”

“கொட்டினது பழைய முதலாளி. இப்ப நடத்துறவங்க வேற.”

“பழசோ புதுசோ! அந்தப் பழையவன் பேச்சை எடுத்தாலே உன் முகம் சுருங்குதே! செத்தது என் மீனு, வலிக்கிறது உனக்கா? அவன் என்ன உனக்கு மாமனா, மச்சானா?”

“அப்பா,” என்றார் ஆய்வாளர்.

அவள் ஓங்கிக் கை தட்டினாள்.

“அப்படிச் சொல்லு! ரத்தம் பேசுது! இரு, ஊருக்கே கேக்கிற மாதிரி சொல்றேன்!”

விறுவிறுவென்று வாசலுக்கு நடந்தாள்.

“தாராளமா சொல்லுங்க,” என்றபடி ஆய்வாளர் குனிந்து, தரையில் கிடந்த மீன்களை எடுத்துக் கூடையில் போட்டார். “ஜெயில்ல பார்க்கப் போனா அப்பா என் முகத்தைக்கூடப் பார்க்க மாட்டேங்கறார். ஏரிக்குள்ள அவர் ஒளிச்சு வச்ச கழிவுக் குழாயைக் கோர்ட்டுல காட்டிக் கொடுத்தது நான்தானே.”