ஜீரோவை அமுக்கினால்

“போன்ல ஜீரோவை அமுக்கினா மனுசன் வரணும். பேசறது மனுசனா மிஷினான்னு கேட்டா உண்மையைச் சொல்லணும். புதுச் சட்டம் அவ்வளவுதான். அந்த மனுசன் நீதான் லா,” என்றார் கோகுலராஜ்.

ஷாந்தினி தலையாட்டினாள்.

மலாக்காவின் பாச்சாங்கில் ஒரு கடை வரிசையின் மேல்மாடியில் இருந்தது அந்தக் கிளை அலுவலகம். தமிழர்களுக்கு வரன் பார்த்துக் கொடுக்கும் கைப்பேசிச் செயலி அந்தக் கம்பெனியுடையது. ‘மங்கை’ என்ற பேசும் மிஷினை அதில் சேர்த்த மாதமே, தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்த பெண்கள் எல்லாரும் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். சட்டத்தின் தயவில் மிஞ்சியவள் ஷாந்தினி ஒருத்திதான்.

“இந்த வாரம் அரசாங்க ஆபீசர் ஒருத்தர் சாதாரண ஆள் மாதிரி போன் பண்ணிச் சோதிப்பாராம். அதுல கோட்டை விட்டா கம்பெனிக்கு சமன் வரும், அபராதம் கட்டணும், உனக்கு வேலை போயிடும். பார்த்துக்க.”

“நான் மனுசின்னு எப்படி பாஸ் நிரூபிக்கிறது? மங்கையும் என்னை மாதிரிதானே வணக்கம் சொல்லுது.”

“அது எனக்குத் தெரியாது லா. நீ மனுசி, நீதான் யோசிக்கணும்.”

மத்தியானம் மணி அடித்தது. கம்பீரமான ஆண் குரல்.

“பேசுவது மனிதரா, இயந்திரமா?”

கோகுலராஜ் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார்.

“மனுசிதான் சார். பேரு ஷாந்தினி.”

“இயந்திரமும் பேர் சொல்லும். எந்தத் தோட்டம் நீ?”

“சிம்பாங் அம்பாட் பக்கம் சார். அப்பா அங்க ரப்பர் தோட்டத்துலதான் பால்மரம் வெட்டினாரு.”

“சரி. உங்க கோயில் திருவிழாவுல மோர்ப் பந்தல் யாரு போடுவா?”

“பிச்சைமுத்து மாமா சார். உப்பை அள்ளிப் போட்டுடுவாரு. குடிக்க முடியாது. ஆனா வருசா வருசம் எல்லாரும் குடிச்சிட்டு ‘நல்லா இருக்கு’ன்னுதான் சொல்வோம்.”

மறுமுனையில் சிரிப்பு. “போதும்மா. நீ மனுசிதான்.” தொடர்பு அறுந்தது.

கோகுலராஜ் மேசையைத் தட்டினார். “இவர்தான் ஆபீசர் லா. குரலே சொல்லுதே! உன் வேலை தப்பிச்சிடுச்சு. இரு, கீழ போயி தே தாரேக் டீ வாங்கிட்டு வரேன்.”

அவர் படியிறங்கிய கொஞ்ச நேரத்தில் மறுபடியும் மணி அடித்தது. இந்த முறை ஒரு பெண். பக்கத்து அறையில் யாரோ தூங்குவதுபோலத் தணிந்த குரல்.

“ஐயோ, தெரியாம ஜீரோவை அமுக்கிட்டேன் போல. நீ மிஷின்தானே?”

“ஏன் ஆன்ட்டி கேக்கறீங்க?”

“மனுசின்னா வச்சிடறேன்மா. மலாக்காவுல ஒரு தமிழ்ப் பிள்ளைகிட்ட ரெண்டு வார்த்தை பேசினா சொந்தமாயிடும். சாயங்காலத்துக்குள்ள எங்க புக்கிட் காத்தில் ஊர் பூரா தெரிஞ்சிடும்.”

“யாருக்கு ஆன்ட்டி வரன் பார்க்கறீங்க?”

குரல் இன்னும் தணிந்தது.

“எனக்குத்தான். அம்பது தாண்டிடுச்சு. அவர் போயி ரொம்ப வருசமாச்சு. பிள்ளைங்க கோலாலம்பூர்ல. டிவியை அணைச்சா வீட்டுல வேற குரல் இல்ல... உண்மையைச் சொல்லு, நீ மனுசியா?”

ஷாந்தினி வாசலைப் பார்த்தாள். கோகுலராஜ் இன்னும் வரவில்லை. சோதனையும் முடிந்துவிட்டது. மனுசி என்று சொன்னால் இந்த அம்மா வைத்துவிடுவார். மறுபடியும் கூப்பிடவும் மாட்டார்.

“இல்ல ஆன்ட்டி. நான் மங்கை. மிஷின்தான்.”

“அப்பாடா,” என்றது குரல். “பேரு மீனம்மான்னு போட்டுக்க.”

“எப்படிப்பட்டவர் வேணும் ஆன்ட்டி?”

“குடிக்காத ஆளா இருந்தா போதும். சமைக்கத் தெரிஞ்சா இன்னும் நல்லது.”

“சமைக்கத் தெரியும்னுதான் எல்லா ஆம்பளையும் போடறாங்க. விசாரிச்சா மெகி மீ நூடுல்ஸ்தான்.”

மீனம்மா வாய்விட்டுச் சிரித்தார். “மிஷினுக்கு வாய் ஜாஸ்திதான்.”

பிறகு வெகுநேரம் பேசினார்கள். பிள்ளைகளிடம் எப்படிச் சொல்வது, கோயிலில் நாலு பேர் பார்த்தால் என்ன ஆகும் என்று மீனம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். “கோயிலுக்கு வர்றவங்க சாமியைப் பார்க்கட்டும் ஆன்ட்டி” என்றாள் ஷாந்தினி. போனை வைக்கும்போது மீனம்மாவின் குரல் பழையபடி தணிந்து இருக்கவில்லை.

மறுநாள் கோகுலராஜ் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். முகத்தில் ஈயாடவில்லை.

“சோதனை முடிவு வந்திடுச்சு. கோட்டை விட்டுட்டோம். கம்பெனிக்கு சமன்.”

“எப்படி பாஸ்? அந்த சார்கிட்ட மோர்ப் பந்தல் வரைக்கும் சொன்னேனே.”

“அவரு ஆபீசர் இல்ல லா. மகளுக்கு மாப்பிள்ளை தேடறவரு, காலையில வந்து பதிஞ்சிட்டுப் போயிட்டாரு.” கோகுலராஜ் கணினித் திரையை அவள் பக்கம் திருப்பினார். “ஆபீசர் ஒரு பொம்பளை. பேரு விஜயராணி. மீனம்மான்னு பேரு சொல்லிப் பேசியிருக்காங்க. ‘ஜீரோவை அமுக்கியும் மனிதர் வரவில்லை. ஆனால் இவ்வளவு அன்பாகப் பேசும் மிஷினை இதுவரை கண்டதில்லை’ன்னு எழுதியிருக்காங்க.”

“நான்தான் பேசினேன்னு ஹெட் ஆபீசுல சொல்லிடலாம் பாஸ்.”

“அரசாங்க ஆபீசர்கிட்டயே பொய் சொன்னோம்னு தெரிஞ்சா லைசென்ஸ் போயிடும் லா. அதோட மங்கையைப் பாராட்டிட்டாங்கன்னு அங்க ஒரே கொண்டாட்டம். சமனைக் கட்டிட்டாங்க. ஜீரோவுக்கு வேற ஆளைப் போடப்போறாங்க.”

“அப்ப எனக்கு வேலை இல்லையா?”

“யாரு சொன்னது? ஆபீசர் பாராட்டின அந்த மிஷினை நாளையிலிருந்து நாடு பூரா விடச் சொல்லி உத்தரவு,” என்ற கோகுலராஜ் குரலைத் தாழ்த்தினார். “காலையில ஒன்பது மணிக்கு வந்துரு. இனிமே நீதான் மங்கை.”