பேர் போட்ட ஆராதனை

"அந்தப் பையன் இனிமே வாலிபர் குழுப் பக்கமே வரக் கூடாது. இல்லேன்னா என் ராஜினாமாவை வாங்கிக்கோங்க ஐயா."

போதகர் அசரவில்லை. பெண்கள் சங்கச் செயலாளரம்மா ராஜினாமா செய்யாத மாதமே கிடையாது. பக்கத்தில் அவள் வீட்டுக்காரர், இந்த அறையில் தன் வேலை மௌனம் மட்டும்தான் என்று தெரிந்தவராக உட்கார்ந்திருந்தார்.

குற்றவாளி எதிரே நின்றுகொண்டிருந்தான். வாலிபர் குழுவை நடத்துகிறவன். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. வேலை விட்டால் கோயில், கோயில் விட்டால் காமிக்ஸ், அதுவும் இல்லையென்றால் சூப்பர் ஹீரோ படம். விசாரணைக்குக்கூட நெஞ்சில் ஒரு முகமூடி முறைக்கிற டீ-ஷர்ட்டோடுதான் வந்திருந்தான். குழுப் பிள்ளைகள் அவனை 'முகமூடி அண்ணா' என்று கூப்பிடுவதே செயலாளரம்மாவுக்குப் பாதி எரிச்சல்.

"நீயே சொல்லு தம்பி. போன ஞாயிறு நீ நடத்தினது ஆராதனையா, சினிமாவா?"

"ஆராதனைதான் ஆன்ட்டி. முடிவுல மட்டும் பேர் போட்டோம்."

"அதைத்தான் கேக்கறேன்."

நடந்தது இதுதான். போன ஞாயிறு ஆராதனையை வாலிபர்கள் கையில் கொடுத்திருந்தார்கள். கடைசி ஜெபம் முடிந்து, 'ஆமென்' சொன்ன வாய் மூடுவதற்குள் சனங்கள் வண்டிச் சாவியைத் தேட ஆரம்பித்தபோது, பாட்டு வரிகள் காட்டுகிற திரை கறுத்தது. வெள்ளை எழுத்தில் பெயர்கள் கீழிருந்து மேலே ஏறின. கீபோர்டில் பின்னணி இசை வேறு.

நாற்காலி போட்டவர். மைக் பார்த்தவர். மாடிப்படி துடைத்தவர். கழிவறை கழுவியவர்.

வாசல்வரை போன கூட்டம் திரும்பி வந்து உட்கார்ந்தது.

"கழிவறைக்கு நேரா வந்த பேரைப் பார்த்துட்டு, இது யாருன்னு பக்கத்துல இருந்தவங்க என்னைக் கேக்கறாங்க ஐயா. பார்த்தா, நம்ம பெருக்கற அம்மா கடைசி பெஞ்சில எழுந்து நின்னு ஓன்னு அழுதுட்டிருக்கா. எனக்கு மானமே போச்சு."

"சந்தோஷத்துல அழுதாங்க ஆன்ட்டி. இத்தனை வருஷமா 'ஏம்மா, இங்க வா'தான் அவங்க பேரு." பையன் போதகர் பக்கம் திரும்பினான். "நாங்க படத்துக்குப் போனா, கடைசிப் பேர் போய் மறையற வரைக்கும் எழுந்திருக்க மாட்டோம் ஐயா. விளக்கைப் போட்டு விரட்டினாலும் உட்கார்ந்திருப்போம். வண்டி ஓட்டினவர், ஆணி அடிச்சவர், டீ கொடுத்தவர் எல்லாருக்கும் அங்க பேர் போடறாங்க. நம்ம கோயில்ல போட்டா என்னன்னு தோணுச்சு."

"தோணும், தோணும். பொம்மைப் புத்தகம் படிக்கற மூளைக்கு வேறென்ன தோணும்? கல்யாண வயசாச்சு, இன்னும் பறக்கறவனையும் தாவறவனையும் கட்டிக்கிட்டு அழறே."

பையனின் குரல் இறங்கிவிட்டது.

"வேணும்னா படத்துக்குப் போறதை விட்டுடறேன் ஐயா. காமிக்ஸை எல்லாம் கட்டிப் பரண்ல போட்டுடறேன். பிள்ளைங்களை மட்டும் விடச் சொல்லாதீங்க."

செயலாளரம்மாவுக்கு ஒரு நொடி என்னவோ போல்தான் இருந்தது. ஆனால் இறங்கிப்போகிற பழக்கம் அவளுக்குக் கிடையாது.

"சரி, குழுவை வச்சுக்கோ. ஆனா ஒரு நிபந்தனை. இது கடவுளோட வீடு. இங்க பெருமை அவர் ஒருத்தருக்குத்தான். மனுஷன் பேருக்கு இங்க என்ன வேலை? இந்தக் கோயில் வளாகத்துக்குள்ள ஒரு மனுஷன் பேர்கூடக் கண்ணுல படக் கூடாது. தீர்மானமாப் போடுங்க ஐயா. போட்டாத்தான் நான் நாற்காலியை விட்டு எழுந்திருப்பேன்."

போதகர் அவள் வீட்டுக்காரரைப் பார்த்தார். அவர் ஜன்னலைப் பார்த்தார்.

"ஒரு பேர்கூடவா அம்மா?"

"ஒரு பேர்கூட. பணக்காரன், ஏழைன்னு பார்க்க வேண்டாம். எல்லாருக்கும் ஒரே சட்டம்."

"நீ என்ன தம்பி சொல்றே?"

பையன் யோசித்தான். பெருக்கற அம்மாவின் முகம் ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

"ஏத்துக்கறேன் ஐயா. குழு இருந்தாப் போதும்."

செயலாளரம்மா நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டாள். ஒரு வழியாகக் கோயில் கோயிலாகிவிட்டது.

"ஆன்ட்டி, ஒரு சந்தேகம்," என்றான் பையன்.

"கேளு."

"ஃபேன்ல இருக்கறதை இன்னிக்கே அழிச்சிடவா? என் ஹீரோ பொம்மைகளுக்கு நானேதான் பெயின்ட் அடிப்பேன், அதுக்குத் தின்னர் வச்சிருக்கேன். ரெண்டு தேய்ப்பு தேய்ச்சாப் பளிச்சுனு போயிடும். சுவர்க் கடிகாரம், தண்ணி மெஷின், அப்புறம் முன்வரிசை பெஞ்சு. பிரசங்க மேடையில கல்லுல வெட்டியிருக்கறதுக்குத்தான் ஆள் கூப்பிடணும்."

கிண்டல் இல்லை. எந்த வேலையை முதலில் ஆரம்பிப்பது என்கிற கவலைதான் முகத்தில்.

செயலாளரம்மா அண்ணாந்து பார்த்தாள். ஓடாமல் நின்றிருந்த ஃபேனின் மூன்று இறக்கையிலும் சிவப்புப் பெயின்டில் 'அன்பளிப்பு' என்றிருந்தது. அதன் கீழே அவள் பெயர், அவள் வீட்டுக்காரர் பெயர், அவர் வாங்கிய பட்டம், வகித்த பதவி. இடம் போதாமல் கடைசி எழுத்து இறக்கையின் ஓரத்தில் மடங்கியிருந்தது.

வீட்டுக்காரருக்குத் திடீரென்று இருமல் வந்தது. போதகர் மேஜையில் இல்லாத எதையோ தேடினார்.

"ஐயா," என்றாள் செயலாளரம்மா, மிகவும் கனிவாக, "சின்னப் பிள்ளைங்க ஆசையாச் செய்யறாங்க, பேர் போட்டுட்டுப் போகட்டும். பெரியவங்க நாமதான் கொஞ்சம் விட்டுக்கொடுக்கணும்."